சரோஜா அக்கா வாயில் என் மாத்திரை

போன சனிக்கிழமை காலை. பக்கத்து வீட்டு சரோஜா அக்கா எங்கள் சமையலறை மேசையில் உட்கார்ந்து, என் மாத்திரை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவருக்குத் தேநீர் கலக்கிக்கொண்டிருந்தேன்.

"ஏம்மா, உன் கேஸ்ட்ரிக் மருந்து நல்லா வேல செய்யுது போல. மூஞ்சியே தெளிஞ்சிருச்சு. எனக்கும் ரெண்டு நாளா வயிறு எரியுது லா. ஒண்ணு எடுத்துக்கவா?"

கெடா மாநிலத்து மெர்கோங்கில், எங்கள் தாமான் குடியிருப்பில், கறிவேப்பிலையும் மாத்திரையும் சுவர் தாண்டித்தான் வரும். அக்கா அனுமதி கேட்டதே பெரிய மரியாதை.

சிக்கல் என்னவென்றால்... அது கேஸ்ட்ரிக் மாத்திரையே இல்லை!

சில மாதங்களாக எனக்கு ஒரு படபடப்பு. காரணமே இல்லாமல் நெஞ்சு அடித்துக்கொள்ளும். தூக்கம் வராது. டாக்டர், செரோடோனின் மேல் வேலை செய்யும் மாத்திரை ஒன்றை எழுதிக்கொடுத்தார். அதை வெளியே சொல்ல முடியுமா? 'அவளுக்குத் தலையில ஏதோ...' என்று தாமான் வாட்ஸ்அப் குரூப் பற்றிக்கொள்ளாதா? அதனால் கேஸ்ட்ரிக் என்று சொல்லிவைத்தேன். கேஸ்ட்ரிக் இல்லாத வீடு கெடாவில் எங்கே இருக்கிறது? யாருக்கும் சந்தேகமே வரவில்லை.

முழுப்பொய்யும் இல்லை, கேளுங்கள். மூளையின் சந்தோஷச் சரக்கு என்று எல்லோரும் கொண்டாடுகிறார்களே, அந்தச் செரோடோனினில் பெரும்பகுதி இருப்பது குடலில்! சாப்பாட்டை நகர்த்துவதிலிருந்து குமட்டலைக் கிளப்புவது வரை அங்கே அதற்கு ஓயாத வேலை. மாத்திரை தொடங்கிய புதிதில் என் மனசு அப்படியேதான் இருந்தது, வயிறுதான் புரட்டியெடுத்தது. நான் சொன்ன பொய்க்கு மாத்திரையே சாட்சி சொன்னது.

இந்தப் பெருமையில் பதில் சொல்ல மறந்து திரும்பிப் பார்க்கிறேன் — அக்கா மாத்திரையை வாயில் போட்டுவிட்டு, தண்ணீரைத் தேடிக்கொண்டிருக்கிறார்.

மருந்து கொடுத்தபோது பார்மசிஸ்ட் சொன்னது அப்போதுதான் உறைத்தது. ரத்தத்தில் காயத்தை அடைக்க ஓடிவரும் தட்டணுக்களுக்கும் செரோடோனின் வேண்டும். செரோடோனின் அவற்றுக்குள் போவதையும் இந்த மாத்திரை தடுத்துவிடும். வயிற்றில் புண் இருந்து, வலி மாத்திரையும் சாப்பிடுகிறவர் என்றால் உள்ளே ரத்தம் கசியலாம் என்றார். சரோஜா அக்காவுக்குப் பழைய வயிற்றுப்புண். முட்டிவலிக்குத் தினமும் வலி மாத்திரை வேறு.

என் மானமா, அக்காவின் வயிறா?

"துப்புங்கக்கா! அது கேஸ்ட்ரிக் மருந்து இல்ல! மனசுக்கு! எனக்குப் பயம் வருது, படபடப்பு வருது... அதுக்கு!"

துப்பினார். மாத்திரை மேசையில் விழுந்தது. அக்கா என்னையே பார்த்தார்.

"அட ஏம்மா... மனசுக்குன்னா மனசுக்குன்னு சொல்றதுக்கு என்னவாம்? அந்த வயிறு உன்ன என்ன பண்ணுச்சு? அது மேல ஏன் பழியப் போட்ட?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. இத்தனை நாள் தனியாகத் தூக்கிச் சுமந்தது இதைத்தானா என்றிருந்தது. அன்றே அவரைக் கிளினிக்குக்கு அழைத்துப் போய், அவருடைய வயிற்றுக்கு அவருக்கான மருந்தை வாங்கிக்கொடுத்தேன்.

யாரிடமும் சொல்லாதீர்கள் என்று கேட்டுக்கொள்ள மறந்துவிட்டேன். கேட்டிருந்தாலும் பயனிருந்திருக்காது... அக்கா அப்படித்தான்.

புதன்கிழமை பாசார் மாலாம் இரவுச் சந்தைக்குப் போனேன். வடை விற்கும் பெண் பார்த்த பார்வையிலேயே தெரிந்துவிட்டது, செய்தி எனக்கு முன்னால் வந்து சேர்ந்திருக்கிறது. இதோ, கேட்கப்போகிறாள் என்று முகத்தை இறுக்கிக்கொண்டேன். பொட்டலத்தை நீட்டியவள், அக்கம்பக்கம் பார்த்துவிட்டு என் பக்கம் சாய்ந்தாள்.

"அக்கா... எந்தக் கிளினிக்?"

சொன்னேன். சத்தமாகவே சொன்னேன்.