பகலில் உறங்காதே என்று எழுதினேன்

காலை 7.10. ஈப்போவில் பட்டர்வொர்த் ரயிலில் ஏறும்போதே மனம் சரியில்லை. ஊர் பார்க்கப் போகவில்லை. கரங்கானில் இருக்கும் சேகரிடம் மன்னிப்புக் கேட்கப் போகிறேன்.

சென்ற ஆண்டு கூலிமில் ஒரு கோயில் மண்டபத்தில் ஆயுர்வேத வாழ்க்கைமுறை பற்றிப் பேசினேன். நான் வைத்தியன் அல்ல. படித்ததை நாலு பேரிடம் சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும் வாயாடி. வந்தவர்களுக்கு ஒரு பக்கத் தாள் கொடுத்தேன். விடியுமுன் எழு, நாக்கை வழி, நல்லெண்ணெய் தேய்த்துக் குளி, பசித்தபின் சாப்பிடு, பகலில் உறங்காதே. கீழே பருவத்துக்கேற்ற உணவு. தை, மாசியில் இந்தக் கெடா மாநிலம் காய்ந்து கிடக்கும்; என் தாளில் அது பனிக்காலம். தமிழ்நாட்டுப் பருவத்தை அப்படியே தூக்கி வந்தால் வேறென்ன ஆகும்? அதையாவது சிரித்து மறந்துவிடலாம்.

அன்று தாள் வாங்கிப்போனவர்களில் ஒருவரான சேகர், தொழிற்சாலையில் இரவு வேலை பார்ப்பவர். பதினொன்றுக்குப் போனால் காலை ஏழுக்குத்தான் வெளியே வருவார். போன மாதம் வேலை முடிந்து மோட்டார் சைக்கிளில் வரும்போது கண் சொருகிச் சாலையோர வாய்க்காலில் விழுந்தார். வலது கால் இரண்டு இடத்தில் முறிந்தது. அவர் மனைவி வசந்தி தொலைபேசியில் சொன்னார்: "உங்க தாளு வந்ததுலேர்ந்து அவரு பகல்ல படுக்கறதே இல்லண்ணே. பொழுது சாஞ்சப்புறம் ரெண்டு மணி நேரந்தான்." குறையாகச் சொல்லவில்லை, பெருமையாகச் சொன்னார்.

இரவில் கண்விழித்தவர் மறுநாள் காலை, சாப்பிடுமுன், விழித்த நேரத்தில் பாதியளவு உறங்கலாம் என்று பழைய நூல்களே சொல்கின்றன. அது எனக்குத் தெரியும். தாள் இரண்டாம் பக்கத்துக்கு ஓடுகிறதே என்று அந்த வரியை வெட்டிவிட்டேன்.

காலை 11.00. பட்டர்வொர்த்திலிருந்து பேருந்தில் கூலிம் வந்து, அங்கே முப்பது வெள்ளிக்கு வாடகைக் கார் பிடித்தேன். கரங்கானுக்கு ஏறக்குறைய இருபது கிலோமீட்டர். செம்பனையும் ரப்பருமாக வழி நெடுகப் பச்சை. சேகர் இருக்கும் தாமான் குடியிருப்புக்குள் நுழைந்ததும் கார் ஊர ஆரம்பித்தது.

"ஏன் தம்பி, இவ்வளவு மெதுவா?"

"இங்க பாதி வீடு நைட் ஷிஃப்ட்டுண்ணே. இந்நேரம் தூங்குவாங்க. ஹார்ன் அடிச்சா ஏசுவாங்க லா," என்றார் ஓட்டுநர்.

உச்சி வெயிலில் வரிசையாகத் திரை இழுத்த சன்னல்கள். ஒரு கேட்டில், தூங்குகிறோம், பொட்டலத்தைப் பக்கத்து வீட்டில் கொடுக்கவும் என்று மலாய் மொழியில் எழுதிய அட்டை. இந்தத் தெருவை ஒருமுறை பார்த்திருந்தால் போதும். பார்க்காமலே பாடம் எடுத்திருக்கிறேன்.

காலை 11.40. சேகர் கூடத்தில் கட்டுப்போட்ட காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். சுவரில் என் தாள், பிளாஸ்டிக் உறை போட்டு.

நான் வாயைத் திறக்குமுன் அவர் முந்திக்கொண்டார். "மன்னிச்சிருங்கண்ணே. ஆஸ்பத்திரி மருந்து போட்டா பகல்ல தூக்கம் தள்ளுது. உங்க ரூல மீறிட்டேன்."

தட்டுத் தடுமாறி எல்லாவற்றையும் சொன்னேன். வெட்டிய வரி என்ன, ஏன் வெட்டினேன், அவர் தாராளமாக உறங்கியிருக்கலாம் என்பது வரை.

"பரவால்லண்ணே. நீங்க வேணும்னேவா செஞ்சீங்க?" என்றார் சேகர்.

வசந்தி கொண்டுவந்த தேநீரை மேசையில் வைத்தார். கணவரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்.

"வேல முடிஞ்சு வந்து சோபாவுல கண்ண மூடுவாருண்ணே. நாந்தான் தட்டித் தட்டி எழுப்புவேன். தூங்காதீங்க, தாள்ல போட்டிருக்குன்னு."

தேநீர் ஆறிப்போனது.

பிற்பகல் 2.30. கூலிமுக்குத் திரும்பும் காரில் ஏறியபோது தெரு இன்னும் உறங்கிக்கொண்டிருந்தது. வழக்கமாக இந்நேரம் நானும் ஈப்போவில் உறங்கிக்கொண்டிருப்பேன். மதியம் சாப்பிட்டதும் ஒரு மணி நேரம் படுக்காவிட்டால் எனக்கு ஆகாது. அந்தத் தாளை எழுதிய நாளிலும் படுத்தேன். வசந்தியிடம் இதை மட்டும் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.