ஒரே ஒரு முறை ஓடும் தட்டு

லிப்ட் பழுதுபார்க்கும் இடங்களில் அவருக்குக் 'காது' என்று பட்டப்பெயர். கயிறு ஓடும் சத்தத்தை வைத்தே எந்த உருளை தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். "பொண்டாட்டி கூப்பிட்டா மட்டும் கேக்காது" என்று சக மெக்கானிக்குகள் கேலி செய்வார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தக் காதுக்கு வேறு வேலை. பிறர் கொண்டுவரும் பழைய இசைத்தட்டுகளை வீட்டின் பின்னறையில் ஓடவிட்டு, கணினியில் பதிவுசெய்து கொடுப்பார். சமையல்மேடைக்கு அறுத்ததில் மிஞ்சிய கருங்கல் பலகை. அதற்கு அடியில் மடித்துவைத்த சைக்கிள் டியூப். மேலே ரிக்கார்டு பிளேயர். தெருவில் லாரி போனாலும் ஊசி அசையாது. பதிவு நடக்கும்போது மின்விசிறி, பிரிட்ஜ் எல்லாம் நின்றுவிடும். ஸ்பீக்கரும் கிடையாது, அதன் அதிர்வு திரும்ப ஊசிக்கே வந்துவிடும் என்பார். ஹெட்போனில் ஒருவர் கேட்கலாம். அந்த ஒருவர் எப்போதும் அவர்தான்.

அன்று மனைவியின் அக்கா கொண்டுவந்தது கடையில் விற்ற தட்டு அல்ல. ஏதோ ஒரு ஸ்டூடியோவில், பேசப் பேச நேரடியாக வெட்டிய தட்டு. அலுமினியத்தின்மேல் மெல்லிய கறுப்புப் பூச்சு. அந்தப் பூச்சில்தான் குரல். பேசியவர் அக்கா தங்கை இருவருக்கும் அம்மா. இளையவளைப் பெற்ற கையோடு இறந்துபோனவர். அக்காவுக்கு அப்போது ஆறு வயது. குரல் புகைபோல ஞாபகம் இருந்தது. தங்கை அதை ஒருமுறைகூடக் கேட்டதில்லை. அப்பா உயிரோடு இருந்தவரை தட்டைப் பீரோவில் பூட்டியே வைத்திருந்தார்.

அவர் தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். அங்கங்கே பூச்சு வெடித்து, சருகுபோல் தூக்கியிருந்தது.

"ஒரு தடவை ஓடும். ரெண்டாவது தடவைக்கு நான் பொறுப்பில்ல."

"அதுக்குத்தான் இதைத் தூக்கிட்டு வந்தேன்." அக்கா சூட்கேஸ்போல இருந்த புது பிளேயர் ஒன்றை மேசையில் வைத்தார். "எம் பொண்ணு வீட்டுக்காரர் வாங்கினது. நேரா கம்ப்யூட்டர்ல சொருகினா போதுமாம். உங்களது என் கல்யாணத்துக்கு முன்னாடியே கிழவியாயிடுச்சு."

"கிழவிதான் அக்கா. ஆனா காலை மெல்ல வைப்பா."

"வாயால சொன்னா ஆச்சா? ரெண்டையும் போட்டுக் காட்டுங்க தம்பி."

யாருக்கும் வேண்டாத ஒரு பாட்டுத் தட்டை எடுத்து இரண்டிலும் பதிவுசெய்தார். மனைவியைச் சுவரைப் பார்த்து உட்காரச் சொல்லி, எது எதென்று சொல்லாமல் அந்தப் பதிவுகளை ஸ்பீக்கரில் போட்டார்.

"முதல்ல வந்ததுதான் நல்லா இருக்கு" என்றாள் மனைவி.

அது புதியது. அக்கா கைதட்டியே விட்டார்.

"இருங்க. உங்களதுல சத்தம் கூட இருக்கு." சத்தமாகக் கேட்பதையே நல்லது என்று நம்பிவிடும் எந்தக் காதும். இரண்டின் சத்தத்தையும் சமமாக்கி, வரிசையை மாற்றிப் போட்டார். மனைவி இம்முறை தலையைச் சாய்த்து இரண்டையும் கடைசிவரை கேட்டாள்.

"ரெண்டாவது. முதல்ல வந்ததுல 'ச' வர்ற இடமெல்லாம் மண்ணைக் கடிக்கிற மாதிரி இருக்கு."

இப்போது இரண்டாவதாக வந்தது பழையது. புது பிளேயரின் ஊசி எவ்வளவு கனமாக அழுத்துகிறது என்று குட்டித் தராசில் வைத்துக் காட்டினார். வெடித்த பூச்சை நினைத்துத் தன் ஊசியின் எடையை இன்னும் கொஞ்சம் குறைத்தார்.

"ஏதாவது ஆச்சுன்னா உங்களைத்தான் கேப்பேன்" என்றார் அக்கா. சிரிக்கவில்லை.

அவர் ஹெட்போனை எடுத்தபோது மனைவி கையை நீட்டினாள்.

"எனக்குக் குடுங்க."

"நான் கேக்காம எப்படி..."

"எங்கம்மா பேசினதை நீங்க கேட்டு எனக்குச் சொல்லணுமா?"

கொடுத்துவிட்டார். "ஊசி ஒரே இடத்துல நின்னு சொன்னதையே சொன்னா உடனே எனக்குக் கையைத் தூக்கிக் காட்டு. விட்டா பூச்சை அரைச்சுடும்." அவள் தலையாட்டினாள்.

ஊசி இறங்கியது. அறையில் சத்தமே இல்லை. திரையில் பச்சைக் கோடு மட்டும் ஏறி இறங்கியது. "என்னடி சொல்றாங்க?" என்று அக்கா முணுமுணுத்தார். கணவர் வாயில் விரல் வைத்துக் காட்டினார். மனைவியின் உதடு லேசாக அசைந்தது, கண் மூடியிருந்தது.

பாதிக்குமேல் போயிருக்கும். திரையில் மூன்று மேடு, ஒரு பள்ளம். மறுபடி மூன்று மேடு, ஒரு பள்ளம். பாட்டாக இருக்குமோ என்று நினைத்தார். மறுபடியும் அதே. திரும்பிப் பார்த்தார். மனைவியின் கை மடியிலேயே இருந்தது. குனிந்தார். ஊசி உள்ளே நகரவில்லை. அதன் நுனியில் மயிரிழைபோலக் கறுப்புத் துருவல் சேர்ந்துகொண்டிருந்தது.

"நின்னுடுச்சு! கையைத் தூக்கச் சொன்னேனே!"

"எடுக்காதீங்க" என்றாள் அவள், கண்ணைத் திறக்காமலே.

"என் மெஷின்ல போட்டிருந்தா நின்னிருக்குமா?" அக்கா எழுந்துவிட்டார்.

நின்றிருக்காது. கனமான ஊசி அந்த விரிசலை உழுதுகொண்டாவது தாண்டியிருக்கும். அவர் எடையைக் குறைத்ததால்தான் ஊசி அங்கே மாட்டிக்கொண்டது. ஊசியைத் தூக்கினால், திரும்ப இறக்கும் இடத்தில் பூச்சு பெயரலாம். விட்டால் அரைத்துவிடும். மூச்சை அடக்கிக்கொண்டு, ஊசிமுனைக்கு மேலே சுண்டுவிரலை வைத்து, உள்பக்கமாகத் துளி அழுத்தினார். மேடுகள் மறைந்தன. புதிய கோடு ஒன்று எழுந்தது. மனைவி, யாரோ கையை உதறிவிட்டதுபோலக் கண்ணைத் திறந்தாள். கோடு கடைசிவரை ஓடி முடிந்தது.

பதிவை ஸ்பீக்கரில் போட்டார். இரைச்சலுக்கு நடுவே ஓர் இளம்பெண்ணின் குரல். தலைசீவ அழக் கூடாது, அப்பாவைத் தூங்கவிட வேண்டும் என்று பெரியவளுக்குச் சொல்லிக்கொண்டே போனது. பிறகு: "சின்னது வந்தா, சின்னது வந்தா, சின்னது வந்தா..." ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மங்கியது. அப்புறம், "...அடிக்கக் கூடாது. பக்கத்துல படுக்க வச்சுக்கணும்."

"சொல்லிட்டுத்தான் போயிருக்காங்களா?" அக்கா சிரிக்கவும் அழவும் முயன்றார். "உன்னை அந்த அடி அடிச்சேனேடி!"

அவர் பூதக்கண்ணாடியில் தட்டைப் பார்த்தார். அந்த இடத்தில் அலுமினியம் பளிச்சென்று தெரிந்தது. "இனி அது ஓடாது. எடையைக் குறைச்சது என் தப்பு. ஆனா நீ ஏன் கையைத் தூக்கல?"

"முழுத் தட்டுலயும் என்னைப் பத்தின பேச்சு அது ஒண்ணுதாங்க."

அவர் கணினிப் பக்கம் திரும்பினார். இப்படித் திரும்பத் திரும்ப வருவதை வெட்டி, ஒட்டு தெரியாமல் இணைத்துத்தான் எவருக்கும் கொடுப்பார். கைப்பழக்கத்தில் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டார்.

"வெட்டிடுங்க தம்பி. கேக்க ஒரு மாதிரி இருக்கு" என்றார் அக்கா.

மனைவி அவர் கைமேல் கை வைத்தாள். "அக்காவுக்கு வெட்டிக் குடுங்க. எனக்கு அப்படியே வேணும்."

இரண்டு கோப்புகளாகச் சேமித்தார். வெட்டாததை மறுபடி போடச் சொன்னாள், போட்டார். இனி எத்தனை தடவை போட்டாலும் எதுவும் தேயாது.