ஏழாவது கைவண்டி

இது கதையல்ல, நடந்தது. என் பென்ஷன் புத்தகத்தின் மேல் கைவைத்துச் சொல்லுகிறேன். போதாதென்றால் வெஸ்ட் ஈலிங் அம்மனுக்கு முன்னால் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்யவும் ஆயத்தம். இதில் ஒரு சொல் பொய்யென்றால் இன்றைக்குச் சாப்பிட்ட பிட்டு எனக்குச் செமிக்காமல் போகட்டும். பெயர்களைக்கூட மாற்றவில்லை. மாற்றினால் சபாரத்தினம் கோபிப்பார்.

1996 நவம்பர் 9, சனிக்கிழமை.

செவன் கிங்ஸில் நான் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரர் சபாரத்தினத்துக்கு அப்போது அறுபத்தேழு வயது. ஏழு வருடங்களுக்கு முன் மோர்மன் சபையில் சேர்ந்தவர். தபால் தரம்பிரிக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும், மனைவி தவநாயகியையும் சேர்த்துக்கொண்டு லண்டனிலேயே மூத்த மிஷனரி ஆனார். நெஞ்சில் கறுப்புப் பெயர்ப்பட்டை. எல்டர் சபாரத்தினம், சிஸ்டர் தவநாயகி.

அந்த ஊழியத்தில் ஒரு விதி உண்டு. இரண்டு பேராகத்தான் போக வேண்டும். ஒருவரை ஒருவர் விட்டுப் பிரியக் கூடாது. சபாரத்தினத்தின் மனதைப் பிடித்தது அந்த விதிதான். இருபத்திரண்டு வருடம் அவருக்கு இரவு ஷிப்ட், தவநாயகிக்கு பிஸ்கட் பக்டரியில் பகல் ஷிப்ட். புருசனும் பெண்சாதியும் படிக்கட்டில் சந்தித்து வீட்டுத் திறப்பை மாற்றிக்கொண்ட வாழ்க்கை. மிச்சக் காலத்தையாவது ஒன்றாகக் கழிக்க வேண்டும் என்று மனிதர் ஆசைப்பட்டார். வேறு ஆசை இல்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒரு போர்மைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

"ஸ்கொட்லாந்துக்குப் பதினெட்டு மாசம் கேட்கினம். ரெண்டு பேரும் கையெழுத்து வைக்கவேணும்."

"அங்கை ஆர் இருக்கினம்?"

"எங்களுக்கு ஒருத்தரும் இல்லை. நீரும் நானும்தான்."

"அப்ப என்னத்துக்கு அங்கை? இஞ்சையும் நீங்களும் நானும்தானே."

சபாரத்தினம் யோசித்தார். "சரி. நாளைக்குக் கைவண்டி நடை இருக்கு. நாலரை மைல். கடைசிவரை என்னோடை வந்தால் கையெழுத்து வைப்பம். இடையிலை விட்டிட்டுப் போனீர் எண்டால் இந்தப் போர்மை நானே கிழிச்சுப்போடுறன்."

"உண்மையாக் கிழிப்பியளோ?"

"ஓம்."

அந்தக் கேள்வியிலேயே அவர் உஷாராகியிருக்க வேண்டும். ஆகவில்லை.

கைவண்டி நடை என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். 1856இல் கடல் கடந்து அமெரிக்கா போன மோர்மன் குடும்பங்கள், மாடு வாங்க வழியில்லாமல், சாமானை மரக் கைவண்டியில் ஏற்றித் தாங்களே இழுத்துக்கொண்டு ஆயிரம் மைலுக்கு மேல் நடந்தார்கள். பிந்திப் புறப்பட்ட இரண்டு கூட்டம் பனியில் மாட்டியது. இருநூறு பேருக்கு மேல் செத்தார்கள். அந்தப் பாதையில் போய் நடப்பது சபையாருக்குப் பெரிய காரியம். எல்லோருக்கும் அமெரிக்கா போக ஏலுமா? அதனால் நூற்றி நாற்பதாம் வருட நினைவுக்கு லண்டனிலேயே ஒரு பாதை பார்த்தார்கள். விக் லேனில் தொடங்கி பெக்டன்வரை, கழிவுநீர்க் குழாய்க்கு மேல் போட்ட மண்மேட்டில் ஒரு நடைபாதை. புனித யாத்திரைக்குக் கீழே கிழக்கு லண்டனின் கக்கூசுத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. குறை சொல்லவில்லை. நேரான பாதை.

ஏழு வண்டிகள். வண்டிக்கு இரண்டு பேர். முன்னால் குறுக்குக் கட்டைக்குள் நின்று ஒருவர் இழுக்க, பின்னால் ஒருவர் தள்ள வேண்டும். நடுவில் ஆளுயரத்துக்குக் கன்வாஸ் கூடாரம். இழுப்பவர் கண்ணுக்குத் தள்ளுபவர் தெரியமாட்டார்.

இன்னொரு வழக்கமும் உண்டு. நடக்கிறவர் ஒவ்வொருவரும் 1856இல் நடந்த ஒருவருடைய பெயர் எழுதிய அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொள்வார்கள். தங்கள் முன்னோரின் பெயரைத்தான் மாட்டுவார்கள். யாழ்ப்பாணத்தான் அதற்கு எங்கே போவது? நடையை ஒழுங்கு செய்த பிரதர் ஹோவார்ட், யாருக்கும் உறவில்லாமல் மிஞ்சிய இரண்டு அட்டைகளைக் கொடுத்தார். சபாரத்தினத்துக்கு தோமஸ் லவல். தவநாயகிக்கு ஹெஸ்டர் லவல். புருசன் பெண்சாதி. பொருத்தம்தானே என்று இவரும் மாட்டிக்கொண்டார்.

காலை 9.40. புறப்பட்டார்கள். இவர்களுடையது கடைசி வண்டி.

கடும் பனிமூட்டம். முன் வண்டி தெரியவில்லை. வழமையாக இரைந்துகொண்டே இருக்கும் லண்டன் அன்று வாய் மூடிக் கிடந்தது. ரயில் இல்லை, கார் இல்லை, தன் சக்கரத்தின் சத்தம்கூட இல்லை. மூட்டம் எல்லாவற்றையும் விழுங்கிவிட்டது என்று சபாரத்தினம் நினைத்தார்.

9.58. ஸ்ட்ராட்போர்ட் பெருந்தெருவைக் கடக்க வேண்டும். வண்டிகள் நின்றன. தவநாயகி பக்கமாக வந்து ஏதோ சொன்னார். சபாரத்தினத்தின் கண் லொறிகளில் இருந்தது. தலையாட்டினார். முப்பத்தெட்டு வருடம் குடும்பம் நடத்தியவர் எதற்கும் தலையாட்டத்தான் செய்வார்.

தெருவைக் கடந்ததும் பாரம் கூடியது. சபாரத்தினம் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார்.

10.20. திடீரென்று வண்டி இலேசானது.

பின்னாலிருந்து நல்ல தள்ளு. சீரான தள்ளு. முழங்கால் வருத்தக்காரி இப்படித் தள்ளுகிறாளே என்று அவருக்கு நெஞ்சு நிறைந்தது.

"இஞ்சரும், கால் நோகேல்லையோ?"

"ம்..."

அவ்வளவுதான். சபாரத்தினத்துக்குச் சந்தோஷம். ஸ்கொட்லாந்தில் வாங்க வேண்டிய கம்பளிக் கோட்டைப் பற்றிச் சொன்னார். காலையில் இரண்டு பேரும் சேர்ந்து தேத்தண்ணி குடிக்க ஏலாது, சபையில் தேத்தண்ணி கூடாது, சுடுதண்ணியாவது சேர்ந்து குடிக்கலாம் என்றார். படிக்கட்டில் திறப்பை மாத்தின மாதிரி இனி இல்லை என்றார். அவர் பெண்சாதியிடம் இவ்வளவு பேசியது அதுதான் முதல் தடவை.

"ம்..."

அப்போதுதான் ஒன்று உறைத்தது. தவநாயகி "ம்" சொல்லுகிறவரல்ல. "ஓம்" என்பார். அல்லது "உங்களுக்கென்ன விசரோ" என்பார்.

10.41. நாற்பத்து மூன்று நிமிடமாக ஒரு முறைப்பாடும் இல்லை. அது இன்னும் பிழை.

காலடி கேட்டது. சரக்... சரக்... கனத்த சப்பாத்து. தவநாயகி போட்டிருந்தது கன்வாஸ் சப்பாத்து.

10.52. முணுமுணுப்பு. ஏதோ ஆங்கிலப் பக்திப் பாட்டு. இடையிடையே இருமல். ஈர இருமல்.

"தவநாயகி?"

பாட்டு நின்றது. தள்ளு நிற்கவில்லை.

11.15. கை விறைத்துவிட்டது. கொஞ்சம் நிற்போம் என்று காலை ஊன்றினார்.

வண்டி நிற்கவில்லை.

குறுக்குக் கட்டை இடுப்பில் இடித்தது. தள்ளியது. சபாரத்தினம் நடந்தார். வேகமாக நடந்தார். ஓடினார்.

"நில்லும்... நில்லுமப்பா..."

சரக். சரக். சரக். சரக்.

கழுத்தில் குளிர். மூச்சு.

கன்வாஸுக்குப் பின்னால் இருப்பவளின் மூச்சு எப்படிக் கழுத்தில் படும்...?

11.31.

காதருகே ஒரு குரல். பெண் குரல். ஆங்கிலம்.

"இறக்கி வைக்காதே, தோமஸ்."

மெதுவாக.

"இந்த முறை இறக்கி வைக்காதே."

அவர் வைக்கவில்லை.

11.47. பெக்டன். பாதை முடிந்தது. தள்ளு நின்றது. சபாரத்தினம் கட்டைக்கு அடியால் குனிந்து வெளியே வந்து, வண்டியைச் சுற்றிப் பின்னால் போனார்.

ஒருவரும் இல்லை.

தள்ளும் சட்டத்தில் வெள்ளையாக உறைபனி. இரண்டு உள்ளங்கை அளவு இடம் மட்டும் வெறும் மரமாக இருந்தது. ஓரத்தில் ஹெஸ்டர் லவலின் அட்டை தொங்கியது.

சபாரத்தினம் 101ஆம் இலக்க பஸ் ஏறி ஈஸ்ட் ஹாம் ஹை ஸ்ட்ரீட்டில் இறங்கினார். தவநாயகியின் சிநேகிதி செல்வமலர் சனிக்கிழமைகளில் எந்தக் கடையில் இருப்பார் என்று ஊருக்கே தெரியும். கண்ணாடிக்குள்ளால் பார்த்தார். இரண்டு பேரும் வடை சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நடுவில் தேத்தண்ணி. அதுவும் பால் தேத்தண்ணி.

சபாரத்தினம் உள்ளே போய் மேசைக்கு முன்னால் நின்றார். தவநாயகி நிமிர்ந்து பார்த்து, கடை முழுக்கக் கேட்கும்படி சொன்னார்.

"சொல்லிப்போட்டுத்தானே வந்தனான். செல்வமலர் காரோடை நிக்கிறா, போறன் எண்டனான். நீங்கள் தலையாட்டினனீங்கள்."

"நான் எதுக்கும்தானே தலையாட்டுறனான்."

"அது என்ரை பிழையே?"

செல்வமலர் ஒரு கதிரையை இழுத்து வைத்தார். "இருங்கோ அண்ணை, வடை சுடச்சுட இருக்கு."

சபாரத்தினம் இருக்கவில்லை. "இவ்வளவு நேரமும் உமக்கெண்டு நினைச்சு நான் ஆருக்கோ கதைச்சுக்கொண்டு வந்தனான், தவநாயகி."

"ஆருக்கு?"

அவர் கடையை விட்டு வெளியேறினார். வீட்டுக்குப் போய்ப் போர்மை எடுத்து நான்காகக் கிழித்தார். சொன்ன சொல் சொல்தானே. பேய்க்குப் பயந்த நடுக்கம் அன்று மாலையே போய்விட்டது. மற்றது போகவில்லை. தாலி கட்டினவள் ஒரு மைல் தாண்டுவதற்குள் விட்டுப் போனாள். ஆரென்றே தெரியாத ஒருத்தி கடைசிவரை வந்தாள். அதை அவர் யாரிடம் போய்ச் சொல்லுவார்? கடைசியில் என்னிடம்தான் சொன்னார்.

அடுத்த நாள் ஞாயிறு. பிரதர் ஹோவார்ட் சபையில் வைத்து ஒரு தாளைக் கொடுத்தார். அட்டைக்காரர்களின் வரலாறு. லவல் குடும்பத்துக்கு நாலு வரி.

பனி விழத் தொடங்கிய மூன்றாம் நாள் தோமஸ் லவல் குறுக்குக் கட்டையை இறக்கி வைத்தான். உதவி கூட்டி வருகிறேன் என்று மனைவியிடம் சொல்லிவிட்டுப் போனான். பத்திரமாகத்தான் போய்ச் சேர்ந்தான். திரும்பி வரவில்லை. வண்டியைத் தேடிப் போனவர்கள் நாலு நாள் கழித்துக் கண்டார்கள், அவன் விட்ட இடத்தில் அல்ல, ஒன்றேகால் மைல் தள்ளி. முன்னால் இழுக்க ஆள் இல்லை. ஹெஸ்டர் பின்னால் நின்றபடியே இருந்தாள். அவளுடைய கைகளைச் சட்டத்திலிருந்து எடுக்க முடியவில்லை.

சபாரத்தினம் அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். மனைவிக்குக் காட்டவில்லை. ஸ்கொட்லாந்துக்கும் அவர்கள் போகவில்லை.

நான் பார்த்தது ஒன்று பாக்கி. சத்தியம் செய்துவிட்டேன், மறைக்க முடியாது. முகத்துக்கு நேரே நின்று கத்தினாலொழிய சபாரத்தினத்துக்கு எதுவும் கேட்காது. அவருடைய காது மெஷின் அந்தச் சனிக்கிழமை காலை முழுவதும் செவன் கிங்ஸில், குளியலறைத் தட்டில் கிடந்தது.