பொன்னுக்கு வீங்கிய வாரம்

எங்கள் அப்பாவுக்கும் மாமாவுக்கும் பேச்சு நின்றுபோனதற்குக் காரணம் ஒரு சமையலறை. மாமா என்றால் அத்தையின் கணவர், அப்பாவின் தங்கை வீட்டுக்காரர். தாடிக்கொம்பில் அவர்கள் புதுவீடு கட்டிப் பால் காய்ச்சிய அன்று அப்பா அடுப்படியை எட்டிப் பார்த்துவிட்டு, "மாப்ள, இதுக்குள்ள ரெண்டு பேரு நொழஞ்சா ஒருத்தரு வெளிய வந்துதான் மூச்சு விடணும் போல" என்று சொல்லிவிட்டார். வேடிக்கையாகத்தான் சொன்னார். சுற்றி நின்றவர்கள் சத்தமாகச் சிரித்ததுதான் தப்பாகிவிட்டது. அந்த வீட்டுச் சுவர்களுக்குத் தன் கையாலேயே தண்ணீர் ஊற்றி நனைத்தவர் மாமா. அவர் சிரிக்கவில்லை. அந்த வருஷம் பொங்கல் சீரைத் தூக்கிக்கொண்டு அப்பா போனபோது வீடு பூட்டியிருந்தது. அதற்கப்புறம் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் எதிரெதிரே நிற்க நேர்ந்தாலும், இருவரும் பஸ்ஸின் பெயர்ப்பலகையை மிகுந்த கவனத்தோடு படித்துக்கொண்டிருப்பார்கள்.

நான் அப்போது இரண்டாம் வகுப்பு. முழுப் பரீட்சைக்குக் கொஞ்சம் முன்னால் ஒருநாள் காலையில் எழுந்தபோது வாயைத் திறக்க முடியவில்லை. காதுக்குக் கீழே வலித்தது. கண்ணாடியில் பார்த்தால் ஒரு பக்கம் நானும் இன்னொரு பக்கம் எங்கள் ஹெட்மாஸ்டரும் தெரிந்தோம். பக்கத்து வீட்டு அக்கா வாசலில் இருந்தபடியே பார்த்துவிட்டு, இது பொன்னுக்கு வீங்கி, கழுத்தில் தங்கத்தைப் போடுங்கள், வடிந்துவிடும் என்றார். அம்மா தன் சங்கிலியைக் கழற்றி என் கழுத்தில் போட்டாள். கல்யாணத்துக்குப் போகும்போதுகூட என்னைத் தொட விடாத சங்கிலி அது. நோய் என்பது இவ்வளவு நல்ல விஷயமா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

ஆனாலும் காய்ச்சல் இருந்ததால் அப்பாவும் அம்மாவும் என்னைக் குழந்தை டாக்டரிடம் கூட்டிப்போனார்கள். டாக்டரம்மா என் தாடையை அழுத்திப் பார்த்தார். சங்கிலியையும் பார்த்தார்.

"போட்டுக்கட்டும், பிள்ளைக்கு அழகாத்தான் இருக்கு. ஆனா வீக்கம் அதுபாட்டுக்குத்தான் வடியும். சங்கிலிய நம்பி மத்தத விட்டுறாதீங்க."

மற்றது என்றால் காய்ச்சலுக்கு சிரப்பு, நிறையத் தண்ணீர், மெல்ல வேண்டாத கஞ்சி, குழைந்த சோறு. தட்டும் டம்ளரும் தனி. அடிக்கடி கை கழுவ வேண்டும். ஒரு வாரம் பள்ளிக்கூடம் கூடாது, வேறு பிள்ளைகளோடு விளையாடவும் கூடாது. புளிப்பு மட்டும் வாயில் வைக்கவே கூடாது, வலி உயிர் போகும் என்றார். விடாமல் வாந்தி எடுத்தாலோ, தலைவலி அதிகமாகிக் கழுத்தை மடக்க முடியாமல் போனாலோ எந்த நேரமானாலும் தூக்கிக்கொண்டு வரச் சொன்னார். பிறகு அப்பாவின் பக்கம் திரும்பினார்.

"உங்களுக்குச் சின்ன வயசுல இது வந்திருக்கா? வராத பெரிய ஆம்பளைகளுக்கு இது ஒட்டிக்கிட்டா ரொம்பச் சிரமம்."

அப்பா கொஞ்சம் யோசித்தார். "வந்ததேயில்லையே டாக்டரம்மா" என்றார்.

"அப்ப செத்த தள்ளியே இருங்க."

அப்பா தள்ளி இருப்பார் என்றால் அடுத்த அறையில் இருப்பார் என்று நினைத்தேன். அவரோ வீட்டுக்கு வந்ததும் பையை எடுத்து வேட்டி, சட்டை, சவரச் சாமானையெல்லாம் அடுக்க ஆரம்பித்துவிட்டார். அம்மா திகைத்துப் போனாள்.

"எங்க போறீங்க? லாட்ஜுக்கா?"

"லாட்ஜு எதுக்கு? தங்கச்சி வீடு இருக்குல்ல" என்றார் அப்பா, நேற்றுத்தான் போய்விட்டு வந்தவர் மாதிரி.

அம்மா அவரை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தாள். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். என்னை நினைத்து அழுகிறாள் என்று நினைத்துக்கொண்டு நானும் அழுதேன். அப்பா வாசற்படியில் நின்று, கைக்குட்டையால் மூக்கை மூடியபடி எனக்குக் கையாட்டிவிட்டுத் தாடிக்கொம்பு டவுன் பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டார். பெண்ணுக்குக் கன்னம் வீங்கியதற்கு ஊரைவிட்டு ஓடிய அப்பா எங்கள் தெருவில் வேறு யாருக்கும் இல்லை. வலியைவிட அந்த அவமானம்தான் எனக்குப் பெரிதாக இருந்தது.

மறுநாள் காலையில் அத்தை வந்து நின்றாள். கையில் ஒரு கூடை, அதில் கூவைக்கிழங்கு மாவும் பனங்கற்கண்டும். ஒன்றரை வருஷம் கழித்து வருகிறவள் உள்ளே வரலாமா என்று வாசலிலேயே தயங்கினாள்.

"பிள்ளைக்கு மேலுக்கு முடியலைன்னு அண்ணன் சொல்லுச்சு மதினி. எனக்கு இது சின்னதுலயே வந்துருச்சு, ஒட்டாது. அதான் வந்தேன்."

"வாரவ காரணம் சொல்லிட்டா வருவ? உள்ள வாம்மா, வெயிலு ஏறுது" என்று அம்மா கூடையை வாங்கிக்கொண்டாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு இருவரும் பேசுவதை நிறுத்தவில்லை. அத்தை தன் சங்கிலியையும் கழற்றி என் கழுத்தில் போட்டாள். ஒன்றுக்கு இரண்டாக இருந்தால் சீக்கிரம் வடியுமாம். அப்பா போய் நின்றதும் மாமா கதவைத் திறப்பாரோ மாட்டாரோ என்று பயந்ததையும், பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்று கேட்டதும் மாமாவே பையை வாங்கிக்கொண்டதையும், அப்பா அந்த அடுப்படியில் தரையில் உட்கார்ந்து கேட்டுக் கேட்டுத் தோசை சாப்பிட்டதையும் அத்தை சொல்லச் சொல்ல அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். "அப்பாவுக்கும் வந்துருமா அத்தை?"

"யாரு, அண்ணனுக்கா?" என்று அத்தை குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். உள்ளேயிருந்து அம்மா, வெஞ்சனம் அடிப்பிடிக்கிறது, இங்கே வா என்று அவசரமாகக் கூப்பிட்டாள்.

அத்தை அந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டிலேயே இருந்தாள். கஞ்சியை ஆற்றி ஸ்பூனில் ஊட்டினாள். ஒரு கன்னம் வடிய ஆரம்பித்ததும் மற்றது வீங்கியது. ஒரு மத்தியானம் அவள் மாங்காயைக் கீற்றுப் போட்டு, மிளகாய்ப்பொடி உப்புத் தொட்டுத் தின்றுகொண்டிருந்தாள். அவள் அந்தப் பக்கம் திரும்பிய நேரத்தில் ஒரு கீற்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். அடுத்த நொடி காதுக்குள் கம்பியை விட்டுத் திருகியது மாதிரி இருந்தது. நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு அக்கா ஓடிவந்துவிட்டார். டாக்டரம்மா சொன்னது ஒவ்வொன்றும் உண்மை என்று அன்றைக்கு எனக்குத் தெளிவாகப் புரிந்தது.

அப்பா தினமும் தன் கடைக்குப் போகிற வழியில் வாசலில் சைக்கிளை நிறுத்திப் பெல்லடிப்பார். மாமாவின் சைக்கிள் அது. நான் ஜன்னலில் முகத்தைக் காட்டிவிட்டு உடனே திரும்பிக்கொள்வேன். பயந்தாங்கொள்ளிகளோடு எனக்கென்ன பேச்சு?

வீக்கம் வடிந்து, டாக்டரம்மா இனி பள்ளிக்கூடம் அனுப்பலாம் என்று சொன்ன அன்று சாயங்காலம் அப்பாவும் மாமாவும் சேர்ந்து வந்தார்கள். அப்பா என்னைத் தூக்க வந்தார். நான் அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டேன். மாமா நடு வீட்டில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார். அத்தை என் கழுத்திலிருந்து தன் சங்கிலியைக் கழற்றியபடியே பழைய கதை ஒன்றைச் சொல்ல ஆரம்பித்தாள்.

"எனக்கும் அண்ணனுக்கும் ஒண்ணாத்தான வந்துச்சு இந்த வீக்கம். வீட்டுல இருந்ததே ஒரு சங்கிலி. காலையில அண்ணன் கழுத்துல, பொழுது சாஞ்சா என் கழுத்துல..."

சொல்லும்போதே அத்தை நாக்கைக் கடித்துக்கொண்டாள். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். மாமா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அப்பாவைப் பார்த்தார். அப்பா சுழலாத மின்விசிறியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். தனக்கு வந்ததேயில்லை என்று சொன்ன அப்பாவுக்கு எப்படி அத்தையோடு சேர்ந்து வந்தது என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. என் சந்தேகம் வேறாக இருந்தது.

"அந்தச் சங்கிலி யாருக்கு அத்தை நல்லா இருந்துச்சு? உனக்கா, அப்பாவுக்கா?"

முதலில் வெடித்துச் சிரித்தது மாமாதான். அப்பாவின் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டி, "மச்சான்... மச்சான்..." என்று அதற்கு மேல் சொல்ல முடியாமல் சிரித்தார். அப்பாவும் சிரித்தார். அம்மாவும் அத்தையும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்துகொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். பெரியவர்கள் நாலு பேரை இப்படிச் சிரிக்க வைக்கும் அளவுக்கு நான் கெட்டிக்காரியாக வளர்ந்துவிட்டேன் என்று எனக்கு ஒரே பெருமை. அந்தப் பெருமையில் கோபத்தை மறந்து, ஓடிப்போய் அப்பாவின் மடியில் உட்கார்ந்துகொண்டேன்.