ஊசியில் கட்டிய உடம்புகள்

முதலில் விழுந்தது ஒரு ஸ்குரூ.

ஜன்னல் செய்யும் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடம் பிணைச்சல் (கீல்) பூட்டினேன். அன்று காலை வேலை. எட்டு மணிபோல் கையிலிருந்து ஸ்குரூ விழுந்தது. குனிந்து எடுத்தேன். திரும்பவும் விழுந்தது. வலது கைவிரல்கள் தடித்து, யாரோ ஒருவரின் கையுறையைப் போட்டதுபோல் இருந்தன.

பக்கத்து மேசையில் நிற்பவன் யென்ஸ். டேனிஷ்காரன். என் வயதுதான்.

"என்ன, ராத்திரி குடிச்சனியா?"

"இல்லை."

"குடிச்சிருக்கலாம். ஒரு காரணமாவது இருந்திருக்கும்."

சிரித்தோம். நான் இரண்டரை மணிவரை நின்றேன். இடது கையால் பூட்டினேன். ஒருவருக்கும் சொல்லவில்லை. வீட்டு வாசலில் திறப்பைத் திருப்ப முடியவில்லை. மனைவி வந்து கதவைத் திறந்தாள். என் முகத்தைப் பார்த்தாள்.

"இஞ்சருங்கோ, உங்கட வாய் கோணுது."

ஆஸ்பத்திரியில் பக்கவாதம் என்றார்கள் (மூளைக்குப் போகும் குழாயில் இரத்தம் கட்டிபட்டு அடைத்துக்கொள்வது). எனக்கு நாக்கு எழும்பவில்லை. மகள்தான் கதைத்தாள். எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று டொக்டர் கேட்டார். எட்டு விரலைக் காட்ட நினைத்தேன். ஐந்துதான் எழும்பியது. மிச்சத்தை மகள் விளங்கிக்கொண்டாள்.

டொக்டர் மணிக்கூட்டைப் பார்த்தார். கட்டியைக் கரைக்கும் மருந்தை முதல் சில மணித்தியாலத்துக்குள் கொடுக்கவேண்டுமாம். அது கடந்துவிட்டது.

"ஏன் அப்பவே வரேல்லை?"

நான் மகளைப் பார்த்தேன். "வேலை முடியேல்லை" என்று அவள் சொன்னாள். கேட்காமலே அவளுக்குத் தெரிந்திருந்தது.

இதை வாசிக்கிற உங்களுக்கு ஸ்குரூ விழுந்தால், அப்படியே போட்டுவிட்டுப் போங்கள். அன்று நான் முடித்துக் கொடுத்த ஜன்னல்கள் எந்த வீட்டில் இருக்கின்றன என்று தொழிற்சாலைக்கே தெரியாது.

மூன்று கிழமையில் கால் வந்தது. பிறகு பேச்சு வந்தது. கை வரவில்லை. அசையும். ஆனால் தொட்டால் தெரியாது. சூடு, குளிர், கூர், ஒன்றும் தெரியாது. இதை உணர்விழப்பு என்கிறார்கள் (கை இருக்கும், மூளைக்குச் செய்தி போகாது).

கைப்பயிற்சி கொடுக்கும் பெண் என்னைப் பயறு பொறுக்கச் சொன்னாள். கோப்பையிலிருந்து தட்டத்துக்கு. தட்டத்திலிருந்து கோப்பைக்கு. இரண்டு கிழமை பொறுக்கினேன். ஒரு நாள் கோப்பையைச் சுவரில் எறிந்தேன். இடது கையால்.

அந்த நேரம் யென்ஸ் ஒரு பெட்டியோடு வந்தான். அவன் ஆற்றில் மீன் பிடிப்பவன். தூண்டிலுக்குப் புழு குத்தமாட்டான். மயிர், இறகு, நூல் வைத்துப் பூச்சி கட்டி அதைத் தண்ணீரில் மிதக்கவிடுவான். மீன் உண்மைப் பூச்சி என்று நினைத்துக் கடிக்கும்.

"பயறு பொறுக்கி ஆருக்கு லாபம்? எனக்குப் பூச்சி கட்டித் தா."

"எனக்கு மீனைத் தின்னத்தான் தெரியும்."

"அது தெரியும். அதாலதான் உனக்குப் பிடிக்கத் தாறேல்லை. கட்ட மட்டும் தாறன்."

மேசையில் ஒரு சின்ன வைஸைப் (இறுக்கிப் பிடிக்கும் கருவி) பூட்டி, தூண்டில் முள்ளை அதில் இறுக்கிக் காட்டிவிட்டுப் போனான். அடுத்த நாள் கட்டிக்கொண்டிருந்தேன். மனைவி கத்தினாள். மேசை விரிப்பில் இரத்தம். முள் என் வலது சுட்டுவிரலுக்குள் இறங்கி நின்றது. எப்போது இறங்கியது என்று எனக்குத் தெரியாது.

யென்ஸ் குறட்டோடு ஓடி வந்து இழுத்தான்.

"நோகேல்லையா?"

"இல்லை."

அன்றைக்கு அவன் பகிடி விடவில்லை.

பிறகு வேறு வழி சொன்னான். முள்ளே வேண்டாம். ஒரு தடித்த ஊசியின் கூரை அரத்தால் ராவி மழுக்கினான். அதை வைஸில் இறுக்கி, மான் மயிரை ஊசியைச் சுற்றிப் பிடித்து, மேலே நூலைக் கொடிபோல் சுற்றிக்கொண்டு போகவேண்டும். வாலுக்கு மூன்று மயிரை வெளியே விடவேண்டும். ஒரு துளி பசை. காய்ந்ததும் ஊசியிலிருந்து உருவினால் உடம்பு தனியே கழன்று வரும். உள்ளே ஒன்றுமில்லை. அந்த உடம்பை அவன் கொண்டுபோய் முள்ளில் வைத்துக் கட்டி, செட்டை (சிறகு) பூட்டுவான்.

நூல் சுற்றுவது இடது கை. மயிரைப் பிடிப்பது வலது கை. பிடித்திருக்கிறேனா என்று கண்ணால் பார்த்துத்தான் எனக்குத் தெரியும். ஒரு உடம்புக்கு ஐந்து பின்னேரம் போனது.

இந்த இடத்தில் நான் ஒரு பிழை விட்டேன்.

நான் இனி வேலைக்குப் போகலாமா, இல்லை இயலாதவனுக்கான ஓய்வூதியமா என்று முடிவெடுப்பது கொம்யூன் (நகரசபை). அங்கே என் கோப்புகளைப் பார்த்த பெண் நல்ல மாதிரி. என் டேனிஷ் தடக்கினாலும் பொறுத்துக் கேட்பாள். அவளைச் சந்திக்கும் கூட்டத்துக்கு முதல் நாள் மனைவி சொன்னாள்.

"அந்தப் பிள்ளையிட்டை வெறுங்கையோட போறதே? வடை சுட்டுத் தரட்டே?"

"அவை வாங்கமாட்டினம்."

"அப்ப உங்கட பூச்சியில ஒண்டைக் குடுங்கோ."

நெருப்புப்பெட்டிக்குள் பஞ்சு வைத்து, யென்ஸ் முள்ளில் கட்டி முடித்த ஒன்றைக் கொண்டுபோனேன். அந்தப் பெண் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"எவ்வளவு சின்னன்! நீங்களா கட்டினது?"

"ஓம்."

யென்ஸின் பெயரைச் சொல்லவில்லை. ஐந்து பின்னேரத்தைச் சொல்லவில்லை. ஒரு வருடமாக என்னைப் பார்த்து எல்லாரும் பாவம் என்றார்கள். அவள் ஒருத்தி எவ்வளவு சின்னன் என்றாள். அவ்வளவுதான்.

ஒரு மாதத்தால் கடிதம் வந்தது. நுண்ணிய கைவேலை செய்யக்கூடியவர், ஆகவே ஓய்வூதியம் இல்லை என்று எழுதியிருந்தது. மகள் தன் வீட்டிலிருந்து போனில் வாசித்தாள்.

"அப்பா, என்னத்தைக் குடுத்தனீங்கள்?"

சொன்னேன். அவள் டேனிஷில் ஒரு சொல் சொன்னாள். தொழிற்சாலையில் நான் முதன்முதல் படித்த சொல் அது.

மறுப்பு எழுதினாள். அப்படியென்றால் நேரில் கட்டிக் காட்டட்டும் என்று பதில் வந்தது. போகிற அன்று மனைவி என் ஜக்கெட் பொத்தானைப் பூட்டிக்கொண்டு, முகத்தைப் பாராமல் சொன்னாள்.

"கொஞ்சம் நடுங்கினமாதிரிச் செய்யுங்கோவன்."

நான் வைஸ் இருந்த பையை இடது கையால் எடுத்தேன்.

மேசைக்கு அந்தப் பக்கம் இரண்டு பெண்கள். என் பக்கம் மகள். ஊசியை இறுக்கினேன். மயிர் வழுக்கியது. திரும்பப் பிடித்தேன். திரும்பவும் வழுக்கியது. மகள் மெல்ல மூச்சு விட்டாள். இப்படியே விட்டிருந்தால் போதும்.

மூன்றாம் தரம் பிடித்தபோது பெருவிரலில் ஏதோ குத்தியது. மயிரின் நுனி. கண்ணால் பார்க்காமல் தெரிந்தது. பக்கவாதம் வந்த பிறகு அந்தக் கை எனக்குச் சொன்ன முதல் செய்தி.

விடமுடியவில்லை. விடவேண்டும் என்று தெரியும். மகளின் கால் மேசைக்குக் கீழே என் காலை மிதித்தது. நான் நூலைச் சுற்றினேன். முன்பு ஐந்து பின்னேரம் எடுத்த உடம்பு அரை மணித்தியாலத்தில் முடிந்தது. உருவி மேசையில் வைத்தேன். என் கோப்புகளைப் பார்க்கும் பெண்ணுக்குக் கண் கலங்கியிருந்தது. வாழ்த்துக்கள் என்றாள். உண்மையாகத்தான் சொன்னாள். மகள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்போது ஒரு களஞ்சியத்தில் பெட்டிகளுக்கு விலாசம் ஒட்டுகிறேன். எட்டிலிருந்து பதினொன்று வரை. மூன்று மணித்தியாலம்தானே என்பார்கள். முன்பு நான் நாளை மணிக்கூட்டில் பார்த்தேன். இப்போது கையில் பார்க்கிறேன். ஒன்பதரைவரை அது என்னுடையது. பிறகு பலகை. வீட்டுக்கு வந்து சப்பாத்தோடு படுத்தால், எழும்பும்போது நாள் முடிந்திருக்கும். சனி ஞாயிறு, போன ஐந்து நாளைத் தூங்கித் தீர்க்கவே சரியாய்ப் போகும்.

அன்றைய குத்தல் பிறகு வரவில்லை. வரலாம், வராமலும் விடலாம் என்கிறார் டொக்டர்.

மேசையில் வைஸ் இன்னும் பூட்டியபடி இருக்கிறது. ஊசியில் பாதி உடம்பு. வேலை தொடங்குவதற்கு முந்தின கிழமை கட்டத் தொடங்கியது. அதை முடிக்க என்னிடம் பின்னேரம் இல்லை. யென்ஸும் கேட்பதை விட்டுவிட்டான்.

சில நாள் அந்த மயிர் நுனியில் வலது பெருவிரலை வைத்துப் பார்க்கிறேன். கண்ணை மூடிக்கொண்டு வைப்பேன். தொட்டுவிட்டேனா என்று அறிய, கண்ணைத் திறக்கவேண்டியிருக்கிறது.