ஆசனவாய் இல்லாத புழுவுக்கு ஓர் இடம்

2024 ஜூலை 14, ஞாயிறு, காலை பத்து இருபது. கல்வராயன் மலைமேல் மேகம்; கீழே கச்சிராயபாளையத்தில் ஒரு சொட்டு இல்லை, வெறும் புழுக்கம். முப்பத்துநான்கு ஆண்டுகள் நான் விலங்கியல் நடத்திய பள்ளியில், என் செலவில் வரைந்த விலங்கினப் பரிணாம மரத்தின் முன் நின்றேன். கிளைகள் பத்தொன்பது. அடியில், 'உபயம்' என்று என் பெயர். எனக்குப் பின் நிற்கப்போவது அந்தச் சுவர் ஒன்றுதான். அதில் தவறு இருக்கக் கூடாது.

இருந்தது. தவறு ஒரு கடல்புழு. வாய் உண்டு, ஆசனவாய் இல்லை; தின்ற வழியாகவே கழிக்கும். மூளை என்று சொல்ல ஒன்றுமில்லை. நான் பாடம் நடத்தியபடி அதைத் தட்டைப்புழுக்களோடு வரையச் சொல்லியிருந்தேன். என் இடத்துக்கு வந்திருக்கும் ஆசிரியை பார்த்துவிட்டார்.

"சார், அது இப்ப அங்க இல்லீங்க. புழு, பூச்சி, மனுசன் எல்லாம் பிரியறதுக்கு முன்னாடியே தனியாப் போயிடுச்சின்றாங்க. அடியில வரணும்ங்க."

தியாகதுருகத்திலிருந்து வந்த பெயின்டர் அழித்து, அடியில் வரைந்தார்.

அந்த வாரம் பதினொரு கட்டுரைகள் படித்தேன். ஆராய்ச்சியாளர்களில் இன்னொரு கட்சி, அது நட்சத்திரமீனுக்குச் சொந்தம் என்கிறது; அதாவது, அந்த வழியில் நமக்கும் தூரத்துச் சொந்தம். இருந்த உறுப்புகளைத் தொலைத்துவிட்டு எளிய பிராணி என்று பெயர் வாங்கியிருக்கிறதாம். அவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. ஒரு காலத்தில் அதைச் சிப்பி இனம் என்றார்கள். பிறகுதான் தெரிந்தது, அவர்கள் சோதித்த மரபணு அது தின்றிருந்த சிப்பியுடையது. இட்லி தின்றவனை இட்லி என்பது போல.

அடுத்த ஞாயிறு நட்சத்திரமீன் பக்கம் மாற்றச் சொன்னேன்.

"இன்னா சார், எலெக்சன் சின்னத்தக்கூட நான் இத்தினி வாட்டி அழிச்சதில்ல. இதுக்கு மட்டும் பெயிண்ட்டு ஜாஸ்தி ஆவுதுங்க."

வரைந்து முடித்தார். எனக்குத் திருப்தியில்லை. அடியிலிருந்தும் அதற்கு ஒரு புள்ளிக்கோடு இழுக்கச் சொன்னேன். பெயின்டர் ஏணியிலிருந்து திரும்பிப் பார்த்தார்.

"அப்ப உங்களுக்கும் தெரியாதா சார்?"

தெரியாது. எவனுக்கும் தெரியாது. தெரியாத மரத்தின் கீழ் என் பெயர் எதற்கு? அழிக்கச் சொன்னேன்.

"அது ஒண்ணுதான் பளிச்சுனு இருக்குதுங்க!"

"அழிய்யா."

மரத்துக்கு ஆறாயிரத்து ஐந்நூறு, புழுவை இரண்டு முறை இடம் மாற்ற எழுநூறு, என் பெயரை அழிக்க நூற்றைம்பது. மொத்தம் ஏழாயிரத்து முந்நூற்றைம்பது ரூபாய்.