நடக்கவே நடக்காத வரி

'வந்தாச்சு 1' என்று தட்டிவிட்டு, நான்கு வரி தள்ளி 'வந்தாச்சு 2' என்று தட்டுகிறார். கணினி நிரல் ஓடும்போது எதுவரை ஒழுங்காக வந்தது என்று வழிநெடுகக் குறிப்புச் சொல்லிக்கொண்டே வர வேண்டும் என்பது அவர் கட்சி. இந்தக் குறிப்புக்குத் தொழிலில் லாக் என்று பெயர். ஏழு வருடமாக ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டித்தான் அதை எழுதுகிறார். அலுவலகத்தில் அவருடைய சொந்தப் பெயர் மறந்தே போயிற்று. 'வந்தாச்சு' என்றால்தான் திரும்புவார்.

வயது ஐம்பத்திரண்டு. மேசையில் இரண்டு திரை, மூடி தொலைந்த தண்ணீர்ப் பாட்டில், குப்புறக் கவிழ்த்த கைப்பேசி. கைப்பேசி எந்நேரமும் ஊமைதான். "அது பாட்டுக்குக் கத்தட்டும், நாம பாட்டுக்கு வேலையப் பாப்போம்" என்பார். மனைவிக்கு அவசரமென்றால் பக்கத்து மேசைப் பெண்ணைத்தான் கூப்பிட வேண்டும். "ஏம்மா, உங்க அண்ணன் இருக்காரா, இல்ல அவரும் ஊமையாயிட்டாரா?"

இந்த அலுவலகத்தில் எழுதிய நிரல், ஒரு சிறுநீரக மையத்தில் டயாலிசிஸ் நோயாளிகளுக்குப் படுக்கை ஒதுக்குவது. ஆறு வாரத்தில் மூன்று பேருடைய முறை பட்டியலிலிருந்து மாயமாகிவிட்டது. மூன்றாமவர் ஒரு பஸ் ஓட்டுநர். படுக்கை இல்லையென்று திருப்பி அனுப்பினார்கள். மறுநாள் மூச்சுத் திணறலோடு தூக்கி வந்தார்கள். வெள்ளிக்கிழமைக்குள் காரணம் தெரியாவிட்டால் பழையபடி நோட்டுப் புத்தகத்துக்கே போய்விடுவோம் என்று தலைமைச் செவிலியர் சொல்லிவிட்டார்.

காரணம் லாக்கில் இருக்க வேண்டும். ஆனால் லாக் ஒரு நாளைக்கு ஒன்பது லட்சம் வரி. எது வெறும் பேச்சு, எது செய்தி, எது எச்சரிக்கை, எது அபாயம் என்று முதலில் பிரித்தாக வேண்டும். அந்த வேலை இவர் தலையில் விழுந்தது.

"எந்தப் படுபாவி இவ்வளவு குப்பையக் கொட்டினான்?" என்று திங்கட்கிழமை காலை ஆரம்பித்தார். எந்த வரியை யார், எந்தத் தேதியில் எழுதினார் என்பது நிரலோடு பதிவாகியிருக்கும். நிரலில் மொத்தம் 2,316 லாக் வரிகள். அதில் 1,874 அவருடையவை.

"படுபாவி கிடைச்சாரா அண்ணே?" என்றாள் பக்கத்து மேசைப் பெண்.

"கிடைச்சான்மா. நல்ல மனுஷன்தான், கொஞ்சம் வாய் நீளம்."

'ஐயோ' என்று ஒரு வரி. அடுத்தது 'ஐயோ ஐயோ'. 'இது எதுக்குன்னு தெரியல, ஆனா எடுக்காதே' என்று இன்னொன்று. அபாயம் என்ற தலைப்பின் கீழ் 'சாப்பிடப் போறேன்'. எங்கே விட்டோம் என்ற அடையாளத்துக்கு என்றோ போட்டு, எடுக்க மறந்தது. அன்றிலிருந்து அந்த நிரல் தினம் நாலாயிரம் தடவை சாப்பிடப் போயிருக்கிறது.

"அதான் எனக்குத் தொப்பை குறையவே மாட்டேங்குது" என்று அதை அழித்தார்.

வியாழன் மாலை மூன்றேகாலுக்கு, 1,640ஆவது வரியில் கை நின்றது. யாரும் பார்க்காத கடைசித் தட்டில், வெறும் பேச்சுகளோடு, 'இது நடக்கவே நடக்காது' என்று இருந்தது. இரண்டு செவிலியர் ஒரே நொடியில் ஒரே படுக்கையை ஒதுக்கினால், பின்னது பதிந்து முன்னது அழியும் இடம். நாலு வருடத்துக்கு முன் அவரே எழுதியது.

"நடக்காததுக்கு எதுக்குண்ணே லாக்கு?" என்றாள் பக்கத்து மேசைப் பெண்.

அவர் அந்த வரியை மட்டும் ஆறு வார லாக்கில் தேடினார். மூன்று தடவை வந்திருந்தது. மூன்று தேதியும் மூன்று நோயாளிகளோடு பொருந்தின. பஸ் ஓட்டுநரின் தேதியை இரண்டு முறை படித்தார்.

வெள்ளி காலை பதினொன்றுக்குள் சரிசெய்து, ஆறு முறை சோதித்துவிட்டு, தலைமைச் செவிலியரை அவரே கூப்பிட்டார். "நான்தாம்மா எழுதினது. மூணு தடவையும் அது சொல்லியிருக்கு. என் சத்தத்துலயே எனக்குக் கேக்கல."

"இனிமே சொன்னா யாருக்கு சார் கேக்கும்?" என்றார் செவிலியர்.

"அதான் சரிபண்ணியாச்சே, அந்த வரிய எடுத்துடவா அண்ணே?" என்றாள் பக்கத்து மேசைப் பெண்.

"இருக்கட்டும்." அந்த வரியை அபாயத்தின் கீழ் முதலில் வைத்தார். அது வந்தால் யாரை அழைப்பது என்ற கட்டத்தில் தன் எண்ணைத் தட்டினார். பிறகு கைப்பேசியை மல்லாக்கத் திருப்பி, சத்தம் இதற்குமேல் ஏறாது என்கிற வரைக்கும் பக்கவாட்டுப் பொத்தானை அழுத்தினார்.